மூன்று நாள் இருட்டு: அரியலூர் குழித் தண்ணீரோடு ஒரு பயணம்

பொங்கல் முடிந்த அடுத்த திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் திருச்சியிலிருந்து கிளம்பி, வியாழக்கிழமை மாலை திரும்பினேன். அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டங்களிலுமாக நான்கு நாள். வழக்கமாக இந்த வலைப்பதிவில் தேவாலயம், கோவில், தங்குமிடம், சாப்பாடு என்றுதான் எழுதுவேன். இந்த முறை நான் ஊர் பார்க்கப் போகவில்லை. மூன்று பாட்டில் பச்சை நிறத் தண்ணீரை வெளிச்சம் படாமல் எடுத்துவரப் போனேன். அந்தப் பக்கம் போகிறவர்களுக்குப் பயன்படும் தகவல்கள் வழியில் கிடைத்தன, அவற்றையும் சொல்கிறேன். உடம்பு இன்னும் சரியாகவில்லை. எழுத்தில் அலுப்பு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போக வேண்டியவள் என் மகள் நிர்மலா. கல்லூரியில் உயிர்வேதியியல் பாடம் எடுக்கிறாள். வேலை, குழந்தைகள் என்று தள்ளித் தள்ளிப் போன முனைவர் பட்ட ஆய்வு இந்த ஆண்டு கடைசி நீட்டிப்பில் வந்து நிற்கிறது. அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டாள். வேறு யாரையாவது அனுப்பலாம் என்றாள். அனுப்பலாம்தான். ஆனால் "கவனமாகப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்பவர்கள் நிறையப் பேர், பார்த்துக்கொள்பவர்கள் குறைவு. நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வயது எழுபத்து மூன்று. இரண்டு முழங்காலும் தேய்ந்திருக்கின்றன. ஆனாலும் சொன்னதைச் சொன்னபடி செய்வேன்.

அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குளத்தில் பச்சையாகப் படர்கிறதே, அந்த வகை நீலப்பச்சை பாக்டீரியா. பகலில் வெயிலைக் கொண்டு சர்க்கரை தயாரிக்கும். இரவில் அதே சர்க்கரையை எரித்து உயிர் வாழும். இரண்டு வேலையும் ஒரே சின்ன உடலுக்குள் நடக்கின்றன. இரவிலும் தயாரிப்பு ஓடினால், எரித்துக் கிடைக்கும் சக்தியெல்லாம் மறுபடி தயாரிப்பதற்கே செலவாகிவிடும். மிச்சம் ஒன்றும் இருக்காது. அதனால் இருட்டியதும் ஒரு குட்டிப் புரதம், சிபி-12 என்று பெயர், தயாரிப்பு வரிசையிலுள்ள இரண்டு நொதிகளைப் பிடித்துச் சேர்த்துக் கட்டிவிடுகிறது. கட்டுண்ட நொதி வேலை செய்யாது. வெளிச்சம் பட்டால் சில நிமிடங்களில் பிடி விட்டுவிடும், வேலை தொடங்கிவிடும். எதையும் அழிப்பதில்லை, புதிதாகச் செய்வதும் இல்லை. ஒன்றையொன்று பிடிப்பது, விடுவது, அவ்வளவுதான். இவ்வளவு சிறிய உயிர் தன் வரவு செலவை இப்படி நிர்வகிக்கிறது என்று நிர்மலா சொன்னபோது, இதையெல்லாம் நான் பாடம் எடுத்த காலத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்று வருத்தமாக இருந்தது.

ஓர் இரவு இருட்டில் அந்தப் பிடி எப்படி இருக்கும் என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். மூன்று நாள் தொடர்ந்து இருட்டாக இருந்தால்? சேமித்த சர்க்கரை தீரத் தீரப் பிடி இறுகுமா, தளருமா, வேறு புரதங்களும் வந்து சேர்ந்துகொள்ளுமா? நிர்மலாவின் கேள்வி இதுதான். ஆய்வகத்தில் வளர்த்த பாக்டீரியாவில் பார்த்துவிட்டாள். இயற்கையான தண்ணீரில் வாழ்வதும் அப்படித்தான் நடந்துகொள்கிறதா என்று ஆய்வுக்குழுவில் கேட்டுவிட்டார்கள். அதற்காக அரியலூரில் கைவிடப்பட்ட ஒரு பழைய சுண்ணாம்புக்கல் குழியைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். திங்கள் பொழுது சாயும்போது தண்ணீர் எடுத்து, உடனே கருப்புத் துணியில் சுற்றி, வியாழன் பொழுது சாயும்போது திருச்சி ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். புரதங்கள் எது எதைப் பிடித்திருக்கின்றன என்று பார்க்கும் கருவி அன்று மாலைதான் அவளுக்கு. அதைத் தவறவிட்டால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் கெடுவுக்குள் மறுபடி கிடைக்காது. நடுவில் வெளிச்சம் பட்டால் மூன்று நாள் என்ற கணக்கு அத்தோடு முடிந்தது.

வாடகைக் கார் எடுத்தேன். நாளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, டீசல் தனி, ஓட்டுநர் படி தனி. ஓட்டுநர் செல்வமணிக்குக் கீழப்பழுவூர்ப் பக்கம் ஊர். ஐம்பது வயதிருக்கும். என்னை டீச்சரம்மா என்று கூப்பிட்டார், நானும் மறுக்கவில்லை. லால்குடி, கல்லக்குடி, கீழப்பழுவூர் வழியாக அரியலூர் ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். கல்லக்குடி தாண்டியதும் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக வரும். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போங்கள். சாலையோரத்து இலைகூட வெள்ளையாகத்தான் இருக்கிறது. கீழப்பழுவூரில் காலை உணவு: நான்கு இட்லி, ஒரு வடை, காபி, எழுபது ரூபாய். காபியைக் காகிதக் கோப்பையில் கொடுத்தார்கள். டம்ளர் கேட்டேன், இருந்தது. கேட்டால் கொடுப்பார்கள், கேட்பதில்லை நாம். அங்கே சோழர் காலத்துக் கோவில்கள் உண்டு. காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், பிறகு கல்தரை காலைச் சுடும்.

அரியலூரில் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு விடுதியில் அறை, ஆயிரத்து நானூறு. தரைத்தளத்தில் அறை இருக்கிறதா என்று முன்பே தொலைபேசியில் கேட்டிருந்தேன். இருக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தால் ஏழு படி. ஏழு படி ஏறினால் அது தரைத்தளம் ஆகாது என்று வரவேற்பில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

மாலை நான்கரைக்குக் கிளம்பினோம். குழி ஊருக்கு வெளியே பதினோரு கிலோமீட்டர். நிலத்துக்காரரிடம் நிர்மலா முன்பே அனுமதி வாங்கியிருந்தாள். அனுமதி இல்லாமல் இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகாதீர்கள். ஓரம் செங்குத்து, மண் உதிரும், ஆழம் யாருக்கும் தெரியாது. மழைத்தண்ணீர் நிரம்பி நீலமும் பச்சையும் கலந்து கிடந்தது. வெட்டி எடுத்த கல்லின் வெண்மை சுற்றிலும். அழகு என்று சொல்லலாம். என்னால் நிற்கவே முடியவில்லை, காரின் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்துகொண்டேன். செல்வமணி கயிற்றில் வாளியைக் கட்டி இறக்கித் தண்ணீர் எடுத்தார்.

அவருக்கு இது வேடிக்கையாக இருந்தது. கல் எடுத்துப் போவதைப் பார்த்திருக்கிறாராம், கல்லுக்குள் கிடைக்கும் பழங்காலத்துச் சிப்பியைத் தேடி வந்தவர்களையும் கூட்டிவந்திருக்கிறாராம். தண்ணீருக்காக வந்தது நான்தான் முதல் ஆள்.

மூன்று பாட்டிலிலும் நிரப்பி, காற்றுப் போகும்படி பஞ்சால் அடைத்து, ஒவ்வொன்றையும் கருப்பு லைனிங் துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் வைத்து, பெட்டி மேலும் ஒரு கருப்புத் துணி போர்த்தினேன். இருட்டிலும் அவற்றுக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும், அதனால் பெட்டியை இறுக மூடக் கூடாது, துணிதான் ஒரே காவல். அறையில் அந்தப் பெட்டியை என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தேன். தூக்கம் வரவில்லை, முழங்கால் வலி.

செவ்வாய் காலை பெரம்பலூர், முப்பது கிலோமீட்டர். அங்கே ஒரு ஏரியில் சுண்ணாம்பு குறைந்த தண்ணீர் ஒரு பாட்டில் எடுக்க வேண்டியிருந்தது, ஒப்பிட்டுப் பார்க்க. அதற்கு இருட்டு தேவையில்லை. மக்காச்சோளம் அறுத்து முடித்த காடுகள், சின்ன வெங்காயம் காயப்போட்ட களங்கள். சாலையோரத்தில் வெங்காயம் வாங்கினேன். ஐந்து கிலோ வாங்குங்கள், இரண்டு கிலோ கேட்டால் கடைக்காரர் முகம் சுளிக்கிறார். பெரம்பலூரில் மதியச் சாப்பாடு நூற்றிருபது ரூபாய், ரசம் நன்றாக இருந்தது. ஏரிக்கரையில் நான் கொஞ்ச தூரம் நடந்தேன், அது தவறு. திரும்பும்போது செல்வமணி கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றேன். பிறகு பிடித்துக்கொண்டேன்.

அன்றிரவே திருச்சி திரும்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். புதன்கிழமை வரதராஜன்பேட்டையில் பிலோமினாவின் மருமகளுக்கு வளைகாப்பு. பிலோமினா கான்வென்ட்டில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு வராமல் போனால் ஜென்மத்துக்கும் பேச மாட்டேன் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டாள். தினமும் திருச்சிக்குப் போய் வரவும் என் உடம்பு இடம் தரவில்லை. வியாழன் காலை அங்கிருந்து கிளம்பினால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாக வரதராஜன்பேட்டை போய்ச் சேர மாலை ஐந்தரை. முந்திரித் தோப்புகளும் தேவாலயக் கோபுரமும் தெரிந்ததும் எனக்கு நிம்மதி. வீட்டில் நிறைய உறவுக்காரர்கள். எனக்கு ஓரத்து அறையைக் கொடுத்தாள் பிலோமினா. பெட்டியை அங்கே மூலையில் வைத்தேன். என்னவென்று கேட்டாள். நிர்மலாவின் காலேஜ் சாமான், யாரும் தொட வேண்டாம் என்றேன். அதற்கு மேல் விளக்கம் சொல்லும் நிலையில் நான் இல்லை.

புதன் காலை ஆறரைப் பூசைக்குத் தேவாலயம் போனேன். பூசை முடிந்து சாமியாரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு எட்டேகாலுக்கு வீட்டுக்கு வந்தேன்.

ஓரத்து அறையில் வளையல் தட்டு, பூ, பழம், சந்தனக் கிண்ணம் எல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். மூலையில் பெட்டி இருந்தது. கருப்புத் துணி இல்லை. மூன்று பாட்டிலும் கிழக்குச் சன்னல் திட்டில் வரிசையாக நின்றன. சுற்றியிருந்த துணி ஒன்றிலும் இல்லை. காலை வெயில் நேராக அடித்தது. கண்ணாடியின் உட்புறத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டியிருந்தன, சில மேலே ஏறிக்கொண்டிருந்தன. ஒன்றரை நாள் இருட்டில் இருந்தவை வெயில் பட்டதும் வேலையைத் தொடங்கிவிட்டன. பார்க்க அழகாக இருந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

யார் எடுத்தது என்று கேட்டேன். குரல் உயரவில்லை. எனக்குக் கோபம் வந்தால் குரல் தாழும், என் மாணவிகளுக்குத் தெரியும்.  மருமகளின் அம்மா திரேசம்மாள் வந்து வாசலில் நின்றார். என்னைவிடப் பத்து வயது குறைந்தவர். முந்தின இரவுதான் அறிமுகம்.

"நாந்தாங்க எடுத்தேன். வளையத் தட்டு வெக்கிற எடத்துல கருப்பா மூடிக் கெடந்துச்சு. பாட்டில்லயும் கருப்பு. தண்ணி ஒரு சொட்டு சிந்தலீங்க. துணிய நல்லா அலசி பின்னால காயப் போட்டிருக்கேன்."

தொட வேண்டாம் என்று சொல்லியிருந்தேனே என்றேன். அவரிடம் யாரும் சொல்லவில்லை என்றார். அது உண்மைதான், நான் பிலோமினாவிடம் மட்டும்தான் சொன்னேன். ஆனால் அப்போது என் மனதில் ஓடியது வேறு. என் கணவர் போய் ஆறு வருடமாகிறது. இந்த ஆறு வருடத்தில் எத்தனை வீடுகளில் நான் வந்ததும் மஞ்சள் தட்டைச் சற்று நகர்த்தி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எதையும் காட்டிக்கொண்டதில்லை.

"விதவை வந்து கருப்பு விரிச்சு வெச்சிருக்கான்னு தோணுச்சா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் மாறவில்லை. "நானும் தாலி இல்லாதவதாங்க" என்றார். "எம்பொண்ணுக்கு ரெண்டு தடவ தங்கலீங்க. இது மூணாவது. இன்னிக்கு இந்த வூட்டுல கருப்பா ஒரு காக்கா ஒக்காந்தாக்கூட வெரட்டுறேன். உங்கள நெனக்கலீங்க நான்."

அப்போதுதான் அவர் கழுத்தைப் பார்த்தேன், ஒரு மெல்லிய ஜெபமாலை மட்டும் இருந்தது. நேற்றிரவு விளக்கு வெளிச்சத்தில் நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

பிலோமினா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். என்னடி ஆச்சு, தண்ணிதானே, என்று கேட்டாள். சுருக்கமாகச் சொன்னேன். மூன்று நாள் இருட்டு என்பதும், வியாழன் மாலைக் கருவியும், நிர்மலாவின் கடைசிக் கெடுவும். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தணித்து, "லூர்து, மறுபடி சுத்தி வெச்சிடு. நாளைக்குச் சாயங்காலம் கொண்டுபோய்க் குடு. யாருக்குடீ தெரியப் போவுது?" என்றாள்.

அது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை. உண்மையிலேயே யாருக்கும் தெரியாது. இருட்டில் வைத்தால் அந்தப் புரதம் மறுபடி இரண்டு நொதிகளையும் பிடித்துக்கொள்ளும். நாளை மாலைக்குள் ஒன்றரை நாள் இருட்டு. கருவியில் பிடி தெரியும். அது ஒன்றரை நாள் பிடியா, மூன்று நாள் பிடியா என்று எந்தக் கருவியும் எழுதிக் காட்டாது. நிர்மலா மூன்று நாள் என்று எழுதுவாள், அவளுக்கு அது பொய் என்றே தெரியாது. பட்டம் கிடைக்கும். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். உண்மையைச் சொல்கிறேன், துணி காய்ந்திருக்குமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

பிறகு நிர்மலாவைக் கூப்பிட்டேன். பாட்டிலில் வெயில் பட்டுவிட்டது என்றேன்.

"எவ்ளோ நேரம்மா?"

"தெரியல. பூசைக்குப் போயிருந்தேன். கொமிழி வர்ற அளவுக்குப் பட்டிருக்கு."

 பின்னணியில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. படுத்த படுக்கையில் இருப்பவளுக்கு எழுந்து நடக்கக்கூட வழியில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அப்ப மூணு நாள் போச்சு" என்றாள். போச்சு என்றேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதும்மா."

"தெரியும். அதான் சொன்னேன்."

ஒரு நாள் இருட்டாவது கிடைத்தால் அதை வைத்து எழுதப் பார்க்கிறேன், ஆய்வேடு இளைத்துத்தான் போகும், ஏற்பார்களா என்பது தெரியாது என்றாள். கொண்டுவருகிறேன் என்றேன். இன்று பொழுது சாயும்போது அதே குழியில் மறுபடி எடுத்தால் நாளை பொழுது சாயும்போது சரியாக ஒரு நாள்.

செல்வமணியிடம் சொன்னபோது அவர் தலையைச் சொறிந்தார். "அம்பது அறுவது கிலோமீட்டர் திரும்பப் போவணும் டீச்சரம்மா. தண்ணி ஊரெல்லாம் கெடக்கு. இங்கயே ஒரு கொளத்துல மொண்டு தரேன், பச்சையாவே பாத்து எடுத்துட்டு வரேன்."

அந்தத் தண்ணீர்தான் வேண்டும் என்றேன். "நீங்க மாப்ள பாக்குறவங்களவிட மோசங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைத் துடைக்கப் போனார்.

பத்தரைக்கு வளைகாப்பு தொடங்கியது. கூடத்தில் பெண்கள் கூட்டம், பாட்டு, சிரிப்பு. பின்கட்டில் ஈரக் கருப்புத் துணி நான்கு கிடந்தது. அங்கே வெயில் விழவில்லை, நிழலில் எப்போது காயும் என்று தெரியவில்லை, மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். நான் இஸ்திரிப் பெட்டி கேட்டேன். திரேசம்மாள் கொண்டுவந்தார். என் கையில் கொடுக்காமல் அவரே ஒரு மேசையில் போர்வை விரித்துத் தேய்க்கத் தொடங்கினார். கூடத்தில் அவருடைய மகளுக்கு வளையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் இங்கே கருப்புத் துணியில் ஆவி பறக்க நின்றார். போய்ப் பாருங்கள் என்றேன். இங்கிருந்தே சத்தம் கேட்கிறது என்றார்.

ஆசிரியைப் பழக்கம் போகவில்லை. என்ன இருக்கிறது அந்தத் தண்ணீரில் என்று அவர் கேட்டதும், முந்தின நாள் யாருக்கும் சொல்லாததை அவருக்குச் சொன்னேன். பகலில் தயாரிப்பு, இரவில் செலவு, நடுவில் பிடிக்கும் புரதம். அவர் துணியைத் திருப்பிப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப இருட்டுல அது தூங்குதுங்களா?"

"தூங்கல. முழிச்சுட்டுதான் இருக்கு. வீண் செலவ மட்டும் நிறுத்தி வெச்சிருக்கு."

"யாரு சொல்லிக் குடுக்குறா அதுக்கு?"

யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் உருவத்திலேயே அவை இருக்கின்றன, உள்ளே நிலைமை மாறினால் பிடி மாறும் என்றேன். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "நான் கருப்பு கெடுதல்னு நெனச்சு எடுத்துட்டேன். அதுக்கு அதுதான் காவலா இருந்திருக்கு" என்றார். பிறகு, மகள் உட்கார்ந்திருந்த கூடத்துப் பக்கம் பார்த்தபடி, "இதுவும் இப்ப இருட்டுலதாங்க இருக்கு" என்றார். எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நான் அடுத்த துணியை எடுத்து உதறிக் கொடுத்தேன்.

பிலோமினா வந்து இருவரையும் கூப்பிட்டாள். திரேசம்மாள் வேண்டாம் என்று தலையாட்டினார். அப்போது நான் எழுந்தேன். வளையல் போட அல்ல, விதவைகள் போடக் கூடாது என்ற வழக்கத்தோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. திரேசம்மாளின் கையைப் பிடித்துக் கூடத்து வாசல் வரை கூட்டிப்போய், மகள் முகம் தெரிகிற இடத்தில் நிறுத்தி, அங்கேயே நானும் நின்றேன். முழங்கால் வலித்ததால் அவர் மேல் சாய்ந்துகொண்டேன் என்பதும் உண்மை. பிறகு பந்தியில் ஐந்து வகைச் சாதம். புளிச்சாதம் மட்டும் சாப்பிட்டேன்.

மூன்று மணிக்குக் கிளம்பி, பொழுது சாயும்போது குழிக்கரையில் இருந்தோம். இந்த முறை நான் காரைவிட்டு இறங்கவேயில்லை. செல்வமணி வாளியை இறக்கி ஏற்றினார். பாட்டில்களை அவரே துணியில் சுற்றினார், சுற்று சரியாக இருந்தது. அன்றிரவு அதே விடுதி, அதே ஏழு படி. வியாழன் முழுவதும் அறையில் பெட்டியோடு இருந்தேன், துப்புரவுக்கு வந்தவரைக்கூட உள்ளே விடவில்லை. பிற்பகல் கிளம்பி, ஐந்தே முக்காலுக்குத் திருச்சி ஆய்வகம். நிர்மலா தன் மாணவி ஒருத்தியைப் பிடித்துக்கொண்டு ஊன்றுகோலோடு வந்து வாசலில் நின்றாள். மருத்துவர் அனுமதித்தாரா என்று கேட்டேன். பெட்டியை மாணவியிடம் வாங்கச் சொல்லிவிட்டு அவளோடு இருட்டறைக்குள் போனாள்.

இந்தப் பக்கம் போகத் திட்டமிடுகிறவர்களுக்குச் சில சொற்கள். தை, மாசியில் போங்கள். பங்குனிக்கு மேல் சுண்ணாம்புப் பூமியின் சூடு தாங்காது. சென்னையிலிருந்து வருகிறவர்கள் திருச்சி வரை வர வேண்டியதில்லை, நேர் வழி ரயிலில் அரியலூரிலேயே இறங்கலாம். அங்கிருந்து பெரம்பலூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் பேருந்துகள் அடிக்கடி உண்டு. ஜெயங்கொண்டத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் ஏறத்தாழ பத்து கிலோமீட்டர்தான். புதன் மாலை பார்க்க நினைத்திருந்தேன், முடியவில்லை, ஆகவே அதைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. வயதானவர்கள் விடுதியில் எத்தனை படி என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். யார் வீட்டிலாவது தங்கினால், உங்கள் பையில் தொடக் கூடாத பொருள் இருந்தால், அது என்ன, ஏன் என்பதை வீட்டிலுள்ள எல்லோரிடமும் உட்கார்ந்து சொல்லுங்கள். களைப்பாக இருந்தாலும் சொல்லுங்கள்.

ஒரு நாள் இருட்டில் பிடி இருந்தது, ஆய்வகத்தில் வளர்த்ததைப் போலவே. குழித் தண்ணீரிலும் அது நடக்கிறது என்பது வரை நிர்மலாவால் சொல்ல முடிந்தது. மூன்றாம் நாள் என்ன ஆகும் என்பது தெரியாது. அட்டவணையில் அந்த வரிசையையே எடுத்துவிடு, இருந்தால் கேள்வி வரும் என்று உடன் வேலை பார்ப்பவர்கள் சொன்னார்களாம். அவள் எடுக்கவில்லை. சமர்ப்பிப்பதற்கு முந்தின நாள் அந்தப் பக்கத்தை என்னிடம் காட்டினாள். மூன்றாம் நாள் என்று எழுதி, எதிரே: "தரவு இல்லை. இடையில் ஒளி பட்டது."

ஏற்பார்களா என்று இதை எழுதும் இன்றுவரை தகவல் இல்லை. நான் விடைத்தாள் திருத்திய காலத்தில், எழுதாமல் விட்ட இடத்துக்கு ஒரு மதிப்பெண்கூடக் கொடுத்ததில்லை. இந்த இடத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.